ஐந்து டாலர் கோபம்

வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பெயர் ‘வெயிட்டிங் ரூம்’. பாடியவர்கள் ஃபுகாஸி என்ற அமெரிக்கக் குழு. 1988-ல் வந்தது. மொத்தம் 3 நிமிஷம்கூட இல்லை, எனவே உங்கள் நேரத்தை நான் ரொம்பக் கேட்கவில்லை.

முதலில் பேஸ் கிடார் தனியாக ஆரம்பிக்கும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ராத்திரி மாடிப்படியில் யாரோ நிதானமாக ஏறி வருகிற மாதிரி ஒரு நடை. பிறகு டிரம்மும் கிடாரும் சேர்ந்துகொள்ளும். சரி, இனி பிய்த்து உதறப்போகிறார்கள் என்று நீங்கள் தயாராகும்போது, 22-வது விநாடி வாக்கில், எல்லாம் நின்றுவிடும். கரன்ட் போனது போல. சுமார் 4 விநாடிக்கு ஒரு சத்தம் கிடையாது. என்னவோ கெட்டுவிட்டது என்று உங்கள் கை நீளும். அப்போது அந்த பேஸ் மறுபடி, அதே நிதானத்தோடு நடக்க ஆரம்பிக்கும்.

எத்தனை தடவை கேட்டாலும் அந்த 4 விநாடியில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இந்தப் பாட்டின் வெறி எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவர்கள் கத்துகிற இடத்தைக் காட்ட மாட்டேன். இந்த நிறுத்தத்தைத்தான் காட்டுவேன். அணையில் திறந்துவிட்ட தண்ணீரை எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். ஷட்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நிற்கிற தண்ணீரை நினைத்துப் பாருங்கள், அந்தப் பயம் வேறு.

பாட்டில் கதை என்று பெரிதாக இல்லை. ஒரு இளைஞன் காத்திருக்கிறான். எதற்கு என்று விவரம் இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கவில்லை, உள்ளுக்குள் எதையோ திரட்டிக்கொண்டிருக்கிறான் என்பது மட்டும் புரிகிறது. அவ்வளவுதான்.

பங்க் என்றால் நமக்கு பெட்ரோல் பங்க் ஞாபகம் வரும், அல்லது எழுபதுகளில் காதை மூடி வளர்த்த தலைமுடி ஞாபகம் வரும். பங்க் ராக் என்பது 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய ஒரு முரட்டு இசை. கிடாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும், மேடை ஏறலாம். வேகம், சத்தம், கோபம். அடுத்து வந்தவர்கள் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நடையை மாற்றினார்கள். பேஸை முன்னால் கொண்டு வந்தார்கள். நடுநடுவே இடைவெளி விட்டார்கள். எல்லா நேரமும் கத்தினால் கத்தலுக்கு மதிப்பில்லை என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு போஸ்ட்-பங்க் என்று பெயர். ரிக்கார்டுக் கடைக்காரர்கள் ஃபுகாஸியை இன்னும் நுணுக்கமாக ‘போஸ்ட்-ஹார்ட்கோர்’ என்று தனி அலமாரியில் வைப்பார்கள். அந்தத் தகராறு நமக்கு வேண்டாம்.

நான் பேச வந்தது வேறு. இந்தக் கோபம் எங்கே போய் விழுகிறது என்பதைப் பற்றி.

ஃபுகாஸியில் பாடிய இயன் மெக்காய் வாஷிங்டன் நகரத்துப் பையன். 1962-ல் பிறந்தவர். 1980-ல், ஸ்கூல் முடித்த கையோடு, நண்பர் ஜெஃப் நெல்சனோடு சேர்ந்து டிஸ்கார்ட் என்ற ரிக்கார்டு கம்பெனி ஆரம்பித்தார். அடுத்து மைனர் த்ரெட் என்ற குழு. 1981-ல் அந்தக் குழு ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்று முக்கால் நிமிஷப் பாட்டு ஒன்றைப் போட்டது. போதைப் பழக்கமெல்லாம் தனக்கு வேண்டாம் என்று 19 வயசுப் பையன் ஊருக்கு அறிவிக்கிற பாட்டு. சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால் நம் ஊர்ப் பாட்டிகள் அவனை உச்சி முகர்ந்திருப்பார்கள்.

அந்தப் பாட்டு என்ன ஆயிற்று தெரியுமா? இயக்கமாகிவிட்டது. ஊர் ஊராகப் பையன்கள் புறங்கையில் பெருக்கல் குறி போட்டுக்கொண்டு குடியையும் போதையையும் விட்டார்கள். பலரை அது காப்பாற்றியது, சந்தேகமில்லை. ஆனால் சில ஊர்களில் அதே பாட்டின் பெயரைச் சொல்லி, குடிக்கிறவனையும் சிகரெட் பிடிக்கிறவனையும் அடிக்கிற கூட்டமும் கிளம்பியது. 1990-களின் கடைசியில் சால்ட் லேக் சிட்டியில் போலீஸ் இவர்களில் ஒரு பிரிவை ரவுடிக் கும்பலாகக் கருதிக் கண்காணிக்கிற அளவுக்குப் போனது. நான் இயக்கம் எதையும் ஆரம்பிக்கவில்லை என்று மெக்காய் பல தடவை சொல்லிவிட்டார். சொல்லி என்ன, அம்பு கையை விட்டுப் போய்விட்டதே.

பாடியவன் யாரையும் அடிக்கவில்லை. அடித்தவன் வாயில் அவன் பாட்டு இருந்தது. இப்போது சொல்லுங்கள். கோபத்தைக் கிளப்பிவிட்டவனுக்கு அது போய் விழுகிற இடத்தில் பொறுப்பு உண்டா, இல்லையா?

நான் பி.காம். படித்தவன். கம்பெனிச் சட்டத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ‘லிமிடெட்’ என்ற வார்த்தைக்கு அர்த்தம். கம்பெனி மூழ்கினால், நீங்கள் போட்ட பங்குப் பணத்தோடு உங்கள் பொறுப்பு முடிந்தது. கடன்காரன் உங்கள் வீட்டு அண்டா குண்டாவைத் தூக்க முடியாது. பார்ட்னர்ஷிப் அப்படியில்லை. நஷ்டம் வந்தால் வீடு வாசல் வரை வரும். வரம்பில்லாப் பொறுப்பு. பாடகர்கள், பேச்சாளர்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் நடத்துவது லிமிடெட் கம்பெனி என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கைதட்டல் எங்கள் வரவு. அடிபட்டவன் கணக்கு எங்கள் நோட்டில் வராது.

‘எங்கள்’ என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷம் முன்பு ஒரு அலுவலகத்தைப் பற்றி எழுதினேன். எது என்பது இப்போது முக்கியமில்லை. வயசானவர்களை வெயிலில் க்யூவில் நிற்க வைத்துவிட்டு, 1 மணி அடித்ததும் கவுன்டரைச் சாத்திக்கொண்டு போகிறார்கள் என்று காரசாரமாக ஒரு கட்டுரை. எழுதும்போதே கை நடுங்கியது, அவ்வளவு ஆத்திரம். பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. இரண்டு வாரம் கழித்து, அந்தப் பக்கம் போய் வந்த நண்பர் சொன்னார்: “உங்க கட்டுரையைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தர் கவுன்டர்ல இருந்த பையனை அறைஞ்சுட்டாராம் சார்.”

அந்தப் பையன் வேலைக்கு வந்து இரண்டு மாசம். தற்காலிக ஊழியன். கவுன்டரை எப்போது மூடுவது என்று முடிவு செய்கிறவர் மாடியில் தனி ரூமில் இருந்தார். அவரை யாரும் அறையவில்லை. மாடி ஏற வேண்டுமே.

நான் நண்பரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் அடிக்கச் சொல்லலையே!”

உண்மைதான். நான் அடிக்கச் சொல்லவில்லை. கட்டுரையை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடத் தப்பில்லை. கோர்ட்டில் ஜெயித்துவிடுவேன். ஆனால் ராத்திரி படுத்தால் அந்த வாக்கியம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதில் ஏதோ ஒரு ‘லிமிடெட்’ வாடை.

மெக்காயும் “நான் அடிக்கச் சொல்லவில்லை” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1980-களின் நடுவில் வாஷிங்டனில் இந்த மாதிரிக் கச்சேரிகள் அடிதடிக் களமாகிவிட்டிருந்தன. மேடைக்கு முன்னால் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஆடுவார்கள். ஸ்லாம் டான்ஸ் என்று பெயர். விளையாட்டாக ஆரம்பித்து மூக்கு உடைவதில் முடியும். மெக்காயே சின்ன வயசில் கை நீட்டிய ஆசாமிதான். பிறந்ததிலிருந்து சாது என்று நினைக்க வேண்டாம். 1985-ல் அங்கே ஒரு நண்பர் வட்டம், போதும் இந்த முரட்டுத்தனம் என்று முடிவு செய்து புதுப் புதுக் குழுக்களை ஆரம்பித்தது. அந்த வழியில் வந்ததுதான் ஃபுகாஸி. மெக்காய், ஜோ லாலி, பிரெண்டன் கான்ட்டி, கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்த கீ பிச்சியோட்டோ. முதல் கச்சேரி 1987 செப்டம்பர் 3. குழுவின் பெயர் வியட்நாம் போர்ச் சிப்பாய்கள் புழங்கிய ஒரு கொச்சைச் சொல். எல்லாம் குட்டிச்சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் தொழில் நடத்திய விதத்தைக் கேட்டால் என் காமர்ஸ் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர். எந்த வயசுக்காரரும் வரலாம். மேனேஜர் கிடையாது. டி-ஷர்ட் வியாபாரம் கிடையாது. டிஸ்கார்ட் கம்பெனிக்கும் குழுக்களுக்கும் நடுவே எழுத்து ஒப்பந்தமே கிடையாது, வாய் வார்த்தைதான். 1991-ல் நிர்வானா குழு உலகமெங்கும் விற்றுத் தீர்த்த பிறகு, பெரிய கம்பெனிகள் இந்த மாதிரிக் குழுக்களைத் தேடி செக் புத்தகத்தோடு அலைந்தன. ஃபுகாஸி அசையவில்லை. சந்தை தாங்குகிற விலையைப் போடு என்பது எங்களுக்கு வகுப்பில் சொன்ன பாடம். இவர்கள் போட்டது 16 வயசுப் பையன் பாக்கெட் தாங்குகிற விலை.

இப்போது கச்சேரியைக் கற்பனை செய்யுங்கள். பாட்டு உச்சத்தில் இருக்கிறது. மேடைக்கு முன்னால் தடியன் ஒருவன் பக்கத்தில் இருக்கிறவர்கள் மேல் வேண்டுமென்றே மோதுகிறான். குழு பாட்டை நிறுத்திவிடும். ஆமாம், நடுப்பாட்டில். மெக்காய் மைக்கில் அவனை ‘சார்’ போட்டுக் கூப்பிட்டு, அடுத்தவரை இடிப்பதை நிறுத்தும்படி மரியாதையாகக் கேட்பார். கேட்காவிட்டால் அவனை வெளியே அழைத்துப்போய் கையில் ஒரு கவரைக் கொடுப்பார்கள். கவருக்குள் 5 டாலர். டிக்கெட் பணம். இதற்காகவே பணம் போட்ட கவர்களைத் தயாராகக் கூடவே எடுத்துப் போவார்கள்.

அந்தக் கவரை நினைத்து நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அடித்துத் துரத்துவது சுலபம், மேடையில் இருப்பவன் கண் காட்டினால் காவலாட்கள் செய்வார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு அர்த்தம் வேறு. உனக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது, நான் உன்னிடம் காசு வாங்கியிருக்கிறேன், என் பாட்டுதான் உன்னைக் கிளப்பியது, அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிற சின்னப் பெண்ணும் 5 டாலர் கொடுத்திருக்கிறாள். அவள் பாட்டைக் கேட்க வந்தாள், உன் முழங்கையை வாங்க வரவில்லை. எனவே நம் கணக்கை முடித்துக்கொள்வோம். இதைத்தான் பார்ட்னர்ஷிப் என்கிறேன். லாபத்தில் மட்டும் பங்கு வைத்துக்கொண்டு நஷ்டத்தில் கழன்றுகொள்ளவில்லை.

இடிபட்டு ஒதுங்குகிறவர்கள் எப்போதும் ஒரே வகை என்பதையும் கவனியுங்கள். பொடியன்கள், ஒல்லியானவர்கள், பெண்கள். ‘வெயிட்டிங் ரூம்’ வந்த அதே இசைத்தட்டில் ‘சஜெஷன்’ என்று ஒரு பாட்டு உண்டு. தெருவில் நடந்து போகிற பெண்ணை ஆண்கள் படுத்துகிற பாட்டைப் பற்றியது. அதை மேடையில் பாடிக்கொண்டே, கண்ணெதிரில் பெண்கள் இடிபட்டு சுவரோரம் ஒதுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பாட்டுக்கு என்ன மரியாதை?

எல்லோரும் இதைப் பாராட்டினார்கள் என்று நினைக்காதீர்கள். பிரசங்கிகள் என்று திட்டியவர்கள் உண்டு. கட்டுப்பாடே வேண்டாம் என்று பிறந்த இசையில் வந்து ஹெட்மாஸ்டர் வேலை பார்க்கிறார்களே என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. மோதி ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது பரஸ்பர சம்மதத்தோடு நடக்கிற விளையாட்டு. ஒருவனுக்காக நூற்றுக்கணக்கான பேர் பாட்டைப் பாதியில் இழக்க வேண்டுமா?

எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஜெம் கோஹன் எடுத்த ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்ற 1999-ம் வருஷ டாக்குமென்டரியில் இந்தக் காட்சிகளைப் பார்க்கலாம். மேடையில் இருப்பவர்களிடம் மைக் இருக்கிறது. திட்டு வாங்குகிறவனிடம் இல்லை. கூட்டம் முழுக்க அவனைத் திரும்பிப் பார்க்கிறது. அவன் செய்தது தப்புதான். என்றாலும், ஒருவனை ஊர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பதும் ஒரு வகை பலம்தானே? அடி இல்லை, ஆனால் வலிக்கும். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. நிறுத்தாமல் பாடிக்கொண்டே போயிருந்தால் அதுவும் ஒரு முடிவுதான், தடியனுக்குச் சாதகமான முடிவு. சும்மா இருப்பது நடுநிலை என்று நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இடிபட்டவரைக் கேட்டால் அந்தக் கணக்கு டாலி ஆகாது.

நம்மிடம் இந்த விஷயத்தில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஔவையார் தன் ஆத்திசூடியில் கோபத்தைத் தணித்துக்கொள்ளச் சொன்னார். பாரதி அதையே புதிதாக எழுதும்போது கோபத்தைப் பழகிக்கொள்ளச் சொன்னார். இரண்டில் எது சரி என்று பட்டிமன்றம் வைத்தால் பாரதி கட்சிக்குத்தான் கைதட்டல் விழும். ஆனால் அவர் சொன்னதில் நாம் கோபத்தைப் பிடித்துக்கொண்டு பழகுவதை விட்டுவிட்டோம். சைக்கிள் பழகுகிறவன் பெடலோடு பிரேக்கையும் சேர்த்துத்தான் பழகுகிறான். பிரேக் பிடிக்கத் தெரியாதவனை யாரும் வேகமாக ஓட்டுகிறவன் என்று சொல்வதில்லை. தள்ளி நில்லுங்கள் என்றுதான் சொல்வார்கள்.

அந்த 4 விநாடி மௌனம் எனக்கு அப்படித்தான் படுகிறது. பிரேக் இருக்கிறது என்று பாட்டு ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். ரிக்கார்டில் 4 விநாடி நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் மேடையில் ஒருவன் மூக்கு உடைவதற்கு முன்னால் நிறுத்துகிறார்கள். இரண்டும் ஒரே பழக்கம். நிறுத்தியதால் பாட்டின் வேகம் குறைந்ததா? கேட்டுப் பாருங்கள். மௌனம் முடிந்து திரும்பி வரும்போது அது இன்னும் கனமாக வருகிறது.

கோபத்தை அவர்கள் தலைமுழுகவும் இல்லை. 1991 ஜனவரி 12, வளைகுடாப் போர் தொடங்கச் சில நாட்களே இருந்தன. வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெட் பூங்காவில், குளிரில், போரை எதிர்த்து இதே நான்கு பேர் கச்சேரி செய்தார்கள். போர் நிற்கவில்லை. பாட்டுக்கு எந்தப் போர் நின்றிருக்கிறது? ஆனால் கோபத்தை அன்று முடிவெடுக்கிறவர்களின் வாசலுக்கே எடுத்துப் போனார்கள். நான் மேலே சொன்ன கதையில் யாரும் மாடி ஏறவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

ஃபுகாஸி 2002-ல் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டது. கலைத்துவிட்டோம் என்று அறிவிக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். 1,000-க்கு மேற்பட்ட கச்சேரிகளில் 800-க்கு மேல் டேப்பில் பதிவாகியிருந்தன. 2011 கடைசியில் அவற்றை ஒவ்வொன்றாக இன்டர்நெட்டில் விற்பனைக்கு வைத்தார்கள். ஒரு கச்சேரிக்கு அவர்கள் சொன்ன விலை 5 டாலர். முடியாதவர் குறைத்தும் கொடுக்கலாம்.

கவுன்டர் பையனுக்கு வருகிறேன். அவனை நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு போன்கூடச் செய்யவில்லை. பெயர்கூட விசாரிக்கவில்லை. அந்த வாரம் அடுத்த கட்டுரையை எழுதி அனுப்பினேன், அதுவும் கோபமான கட்டுரைதான். பாட்டை நிறுத்த எனக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தொழிலில் நான் செய்த தப்புகளைப் பட்டியல் போட்டால், அச்சில் வந்த எந்தப் பிழையையும்விட அதுதான் முதலில் வரும்.

இப்போதும் கோபமாகத்தான் எழுதுகிறேன். விட முடியாது, விடவும் கூடாது. ஒரே ஒரு மாற்றம். எழுதி முடித்ததும் அனுப்பாமல் கொஞ்சம் நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இதைப் படித்துவிட்டு ஒருவர் ஆத்திரத்தோடு எழுந்தால், அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் யார் இருப்பார்கள்? மாடியில் இருக்கிறவரா, கவுன்டரில் இருக்கிறவரா? சில சமயம் ஒரு பத்தியை மாற்றி எழுதுகிறேன். சில சமயம், இங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று ஒரு வரி சேர்க்கிறேன். கட்டுரையின் காரம் அதனால் குறைந்ததாக இதுவரை யாரும் புகார் செய்யவில்லை.

இது பத்திரிகைக்காரன் பிரச்னை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். உங்கள் கையிலும் இப்போது ஒரு மைக் இருக்கிறது. போனில் வந்த ஒரு செய்தியைப் படித்து ரத்தம் கொதித்து, 40 பேருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடப் போகிறீர்கள். தட்டலாம். அதற்கு முன்னால் ஒரு 4 விநாடி.